பொட்டு செட்டும் மொட்டை செட்டும்

2024 தீபாவளிக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கெட் டின் வந்தது. "இந்தாடா, உன் ஆஸ்தி" என்று அம்மா என் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு வாக்கி டாக்கி. கருப்பு பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் ஸ்பீக்கர் வலை, பக்கவாட்டில் பேசும் பட்டன், அதற்கு மேலே பீப் சத்தம் அனுப்பக் குட்டியாய் ஒரு சிவப்பு மோர்ஸ் பட்டன். ஒன்றின் நெற்றியில் மட்டும் வட்ட ஸ்டிக்கர் பொட்டு.

1987-ல் துபாயிலிருந்து வந்த மாமா வாங்கி வந்தவை இவை. எங்கள் வீடு பழையபேட்டையில், கோட்டை மலை அடிவாரத்தில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, தர்மபுரியோடு இருந்தது. எனக்குப் பத்து வயது, சித்தப்பா மகனுக்கு எட்டு. இரண்டு செட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று தினமும் சண்டை. ஒரு நாள் அம்மா தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து ஒன்றில் ஒட்டி, "இது பெரியவனுது, அது சின்னவனுது, இனி சத்தம் வரக்கூடாது" என்று தீர்த்துவைத்தார். என்னுடையது பொட்டு செட். அவன் செட்டை மலைப் படிக்கட்டில் கீழே போட்டு ஏரியலின் நுனி ஒடிந்ததும் அது மொட்டை செட் ஆனது.

வெறும் விளையாட்டுச் சாமான்தான். 9 வோல்ட் பேட்டரி, நாலு டிரான்சிஸ்டர், பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தி. ஆனால் இதைத் திரும்பப் பேசவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் பாதி நாள், நானே செய்த சேதத்தைச் சரிசெய்யப் போனது.

ரவுண்டானா பக்கம் ஒரு சந்தில் ரேடியோ கடை வைத்திருந்த பாய் இன்னும் இருக்கிறார். இப்போது மிக்ஸியும் டேபிள் ஃபேனும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. டின்னைத் திறந்து காட்டினேன்.

"பேட்டரி போட்டுப் பார்த்தியா தம்பி?"

"இல்ல பாய்."

"நல்லது. போட்டிருந்தா திட்டியிருப்பேன்."

பொட்டு செட்டுக்குள் பழைய பேட்டரி அப்படியே இருந்தது, முப்பது வருடமாக. அது கசிந்து பேட்டரி மாட்டும் மூடியை அரித்து, சிவப்பு ஒயரின் செம்பைப் பச்சையாக்கி, போர்டு ஓரம் வரை போயிருந்தது. யூடியூபில் பார்த்தபடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது விற்கும் ஆல்கலைன் பேட்டரியில் கசிவது காரம். அதற்கு எலுமிச்சையோ வினிகரோ சரி. அந்தக் காலத்து ஜிங்க் கார்பன் பேட்டரியில் கசிவது அமிலத்தன்மை உள்ள உப்பு. அமிலத்தின் மேல் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும்? சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைக்க வேண்டும். எந்த வகை பேட்டரி என்பதை அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்பீக்கர் வலையிலும் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. கசிவு அங்கே எப்படிப் போனது என்று குழம்பி, கொஞ்சம் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். திருநீறு. அது எப்படி வந்தது என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்துவிட்டது, அதை அப்புறம் சொல்கிறேன்.

அடுத்தது மின்சாரம் கொடுப்பது. பேட்டரியை நேராக மாட்டவில்லை. 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், மில்லி ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டரையும் வரிசையாகக் கோத்து, அதன் வழியாகக் கொடுத்தேன். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தாலும் 90 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது, புகை வராது. பொட்டு செட் சும்மா கேட்கும்போது 11 மில்லி ஆம்பியர், பேசும் பட்டனை அமுக்கினால் 24. மொட்டை செட் கேட்கும்போது 12, அமுக்கினால் 15. இந்த நாலு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். அதில் பதில் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது படிக்கத் தெரியவில்லை.

இரண்டிலும் இரைச்சல் வந்தது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல "ஸ்ஸ்ஸ்" என்று. சின்ன வயதில் அந்தச் சத்தம் எங்களுக்குத் தொந்தரவு. பாய் அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார். "இது வந்தாலே முக்கால் வாசி உயிர் இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

காரணம் இந்தச் செட்டின் அமைப்பு. இதில் கேட்கும் பகுதி சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1922-ல் கொண்டுவந்த முறை. ஒரே ஒரு டிரான்சிஸ்டரைத் தானாக அலைபாயத் தொடங்கும் விளிம்பில் நிறுத்தி, விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஓடவிட்டு நிறுத்துவார்கள். அந்த விளிம்பில் அது மிகச் சின்ன சிக்னலையும் ஊதிப் பெருக்கும். சிக்னல் இல்லாதபோது வெற்று இரைச்சலையே பெருக்கும், அதுதான் தூறல் சத்தம். எதிர்முனையில் யாராவது பட்டனை அமுக்கினால், பேசாவிட்டாலும், தூறல் சட்டென்று நிற்கும்.

இன்னொரு சிக்கனமும் இதில் உண்டு. பேசும்போதும் கேட்கும்போதும் அதே சாமான்களே வேலை செய்கின்றன. கேட்கும்போது ஸ்பீக்கராக இருப்பது பேசும்போது மைக். கேட்கும்போது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பேசும்போது குரலை அலையில் ஏற்றுகிறது. கேட்கும்போது சிக்னலைப் பிடித்த டிரான்சிஸ்டரே, பேசும்போது அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலோடு சேர்ந்து அலையை உண்டாக்குகிறது. ஆக இரைச்சல் வந்துவிட்டால் டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன. பேசுவதில் கோளாறு என்றால் சந்தேகப்பட மிச்சம் இருப்பவை இரண்டே: கிரிஸ்டல், இல்லையென்றால் பேசும் பட்டனின் சுவிட்ச்.

இதைப் பாய் சொல்வதற்கு முன்பே நான் வீட்டில் திருப்புளியை எடுத்துவிட்டேன். பொட்டு பேசினால் மொட்டை கேட்டது, மொட்டை பேசினால் பொட்டு கேட்கவில்லை. எதையாவது சரிசெய்ய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. மொட்டை செட்டில் சின்ன தகரப் பெட்டி போல ஒரு காயில் (கம்பிச் சுருள்), உச்சியில் திருகுவதற்கு ஒரு கோடு. மேலே மெழுகு. மெழுகைச் சுரண்டிவிட்டு இரும்புத் திருப்புளியால் கால் சுற்று திருகினேன். இன்னொரு கால் சுற்று. "நறுக்" என்றது. உள்ளே இருந்த ஃபெரைட் கோர் இரண்டாகப் பிளந்து, மேல் பாதி திருப்புளி நுனியிலேயே வந்துவிட்டது.

"மெழுகு வச்சு அடைச்சது எதுக்கு? நீ திருகுறதுக்கா?" என்றார் பாய். ஃபெரைட் பீங்கான் மாதிரி, முறுக்குத் தாங்காது. போதாததற்கு, இரும்புத் திருப்புளி காயிலுக்குள் நுழைந்தாலே அலைவரிசை நகர்ந்துவிடும். வெளியே எடுத்ததும் மறுபடி மாறும். மூங்கில் குச்சியைச் சீவியோ, பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தட்டையாகத் தேய்த்தோதான் திருக வேண்டும். அதுவும் பழைய நிலையைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்த பிறகு. அதுவும் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு. தொழிற்சாலையில் வைத்த இடத்திலிருந்து கோர் தானாக நகராது. நகர்த்துவது நம்மைப் போன்றவர்கள்தான்.

மிச்சப் பாதி கோரோடு அந்தக் காயிலின் அலைவரிசை மேலே போய்விட்டது. பாய் அதன் குறுக்கே ஒரு குட்டி செராமிக் கெபாசிட்டரைப் பற்றவைத்து ஓரளவு கீழே இழுத்தார். "கேக்கும். முன்ன மாதிரி கேக்காது" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் கேஆர்பி அணையில் பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பேசும் பட்டனின் சுவிட்ச் அடுத்தது. வெளியே ஒரு பட்டன், உள்ளே வரிசையாகப் பல கால்கள். அமுக்கும்போது ஸ்பீக்கர், ஏரியல், கிரிஸ்டல், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளி முலாம் கருத்திருக்கும். மெடிக்கலில் வாங்கிய சிரிஞ்சில் ஊசியை எடுத்துவிட்டு ஆல்கஹாலை நிரப்பி, சுவிட்சின் இடுக்கில் நாலு சொட்டு விட்டு, டிவி பார்த்துக்கொண்டே ஐம்பது அறுபது முறை அமுக்கி விடுங்கள். பொட்டு செட்டில் விட்டு விட்டு வந்த குரல் இதிலேயே சீரானது. மொட்டை செட்டில் 15 மில்லி ஆம்பியர் 15-ஆகவே நின்றது.

இப்போது கிரிஸ்டல். இரண்டு செட்டின் கிரிஸ்டலையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். மொட்டை பேசியது, பொட்டு ஊமையானது. கோளாறு கிரிஸ்டலோடு சேர்ந்து இடம் மாறியது. சீட்டில் எழுதிய 15-க்கு அர்த்தம் இதுதான்: அலை உண்டாகவில்லை, அதனால் மீட்டரும் ஏறவில்லை. 1988-ல் படிக்கட்டில் விழுந்த செட் அது. கிரிஸ்டல் என்பது தகரக் குப்பிக்குள் நிற்கும் மெல்லிய குவார்ட்ஸ் தகடு. அதிர்ச்சியில் அது விரிசல் விடும், அல்லது கால் விட்டுப்போகும். தம்பியிடம் போனில் சொன்னபோது, "அந்த நாள்லயே நான் கீழ போடல அண்ணா, நீதான் தள்ளிவிட்ட" என்றான். முப்பத்தாறு வருட வழக்கு.

கிரிஸ்டலின் மேல் 27.125 என்று அடித்திருந்தது. அதே கிரிஸ்டலைத் தேடி, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்பி ரோட்டுக்குப் போகத் தயாரானேன், இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பாய் நிறுத்தினார். "பையனோட ஒடஞ்ச ரிமோட் கார் இருக்கா?" இருந்தது. திருவிழாவில் வாங்கி இரண்டே நாளில் சக்கரம் போனது. ஏரியல் கம்பி வைத்த பழைய ரக ரிமோட், 27 மெகாஹெர்ட்ஸ். திறந்தால் உள்ளே 27.145 கிரிஸ்டல். 20 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். நல்ல ரிசீவராக இருந்தால் இந்த வித்தியாசத்தில் ஒன்றும் கேட்காது. சூப்பர் ரீஜெனரேட்டிவ் ரிசீவருக்கோ கண் அவ்வளவு கூர்மை இல்லை, பக்கத்து வீட்டுக்காரனையும் தன் வீட்டுக்காரன் என்றே நினைக்கும். அந்தக் குறையே எனக்கு உதவியது. பற்றவைத்து பட்டனை அமுக்கினேன். மீட்டர் 23-க்கு ஏறியது.

அக்கா மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவனிடம் லேப்டாப்பில் சொருகும் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று இருந்தது. 24 மெகாஹெர்ட்சுக்கு மேல் வரும் அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும். "மாமா, ரெண்டு கோடு தெரியுது பாருங்க" என்றான். பொட்டு 27.125 பக்கம், மொட்டை 27.145 பக்கம். நம் நாட்டில் 26.957 முதல் 27.283 வரை 5 வாட்டுக்குள் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டும் அதற்குள்தான் விழுகின்றன.

டாங்கிள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ஓஏ79 டையோடு ஒன்று, நாலு சுற்றுச் செம்புக் கம்பி, மல்டிமீட்டர். கம்பி வளையத்தை ஏரியல் அருகே பிடித்து பட்டனை அமுக்கினால் மீட்டர் அசையும். கேட்கும் பக்கத்தைச் சோதிக்க அந்த உடைந்த காரின் ரிமோட்டே போதும். கிரிஸ்டலைப் பிடுங்குவதற்கு முன்னால், பட்டனை அமுக்கினால் செட்டில் "கர்ர்" என்று கேட்கும். இரண்டே செட்டை வைத்துக்கொண்டு ஒன்றால் ஒன்றைச் சோதித்தால், குற்றம் பேசுபவனிடமா கேட்பவனிடமா என்று கடைசிவரை தெரியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும்.

மற்ற வேலைகள் சின்னவை. பொட்டு செட்டில் சத்தம் கூட்டினால் ஆயில் எஞ்சின் மாதிரி "டப் டப் டப்" என்றது. பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் வற்றிப்போயிருந்தது. ஒன்றை மாற்றுவதற்கு ஐந்தையும் மாற்றிவிட்டேன், விலை ஒரு டீக்குக்கூட வராது. கூட்டல் கழித்தல் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழுப்பு நிறப் பழைய போர்டில் 25 வாட் சால்டரிங் இரும்புக்கு மேல் வேண்டாம், செம்புப் பட்டை தோல் உரிவதுபோல் எழுந்துவிடும். மொட்டைக்கு எஃப்எம் ரேடியோவின் ஏரியலை மாட்டினேன். ஏரியலின் அடித் திருகு லூசாக இருந்தால் மற்ற எல்லாம் வீண்.

வீட்டு மேசையில் வைத்துப் பேசிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நான் மூன்று தடவை ஏமாந்தேன். ஒரு மீட்டர் தூரத்தில் எதுவும் எதையும் கேட்கும். ஏரியலே இல்லாவிட்டாலும் கேட்கும். இந்த ரிசீவர் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் அலையைக் கக்கும் என்பதால், பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று உளறவைக்கும். ஏரியலை உள்ளே தள்ளிவிட்டுப் பத்து மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். தனியாளாகச் சோதிக்க ஒரு வழி: பேசும் பட்டனையும் மோர்ஸ் பட்டனையும் ரப்பர் பேண்டு போட்டு அமுக்கிக் கட்டிவிட்டால் செட் "பீஈ" என்று கத்திக்கொண்டே இருக்கும். அதை மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டு இன்னொன்றோடு தெருவில் நடந்தேன். மூன்றாவது வீட்டைத் தாண்டியதும் காணோம். கையில் பிடித்திருந்தால் நம் உடம்பே அதற்குத் தரை மாதிரி உதவுகிறது. சுவரில் வைத்தால் அந்த உதவி இல்லை. பேட்டரியின் கழித்தல் பக்கத்திலிருந்து இரண்டு மீட்டர் ஒயரைத் தொங்கவிட்டதும் தெருமுனை வரை கேட்டது.

அப்போதெல்லாம் தெருவில் டிவிஎஸ் 50 போனால் அதன் ஸ்பார்க் பிளக் செட்டில் "டர்ர்ர்" என்று கேட்கும், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடச் சொல்லிவிடுவோம். இப்போது வண்டிகள் அமைதி. எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் இரைகின்றன. மெயினை அணைத்துவிட்டுக் கேட்டால் உங்கள் வீடு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரியும்.

அந்தத் திருநீறு. 1989 கோடை விடுமுறை, உச்சி வெயில். நான் மலைப் படிக்கட்டில், தம்பி மாடியில். தூறலுக்கு நடுவில் ஒரு ஆண் குரல், தமிழும் இல்லை, தெலுங்கும் கன்னடமும் உருதும் இல்லை. எங்கள் தெருவில் இந்த நாலும் கேட்கும், அதனால் நிச்சயமாகத் தெரியும். மேலும் கீழும் ஏறி இறங்கி, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல. தம்பி செட்டைப் போட்டுவிட்டு "பேய் பேசுது" என்று ஓடினான். பாட்டி எங்கள் நெற்றியில் திருநீறு பூசி, மிச்சத்தை என் செட்டின் வலையில் அப்பினார்.

பேய் இல்லை, சூரியன். 27 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையின் மேல் விளிம்பு. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் வானத்தின் அயனி மண்டலம் இந்த அலையையும் திருப்பி அனுப்பும், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவன் பேசுவது குதித்து வந்து விழும். சுமார் பதினோரு வருடத்துக்கு ஒரு முறை உச்சம். 1989 ஒரு உச்சம், 2024 இன்னொன்று. டிசம்பரில் ஒரு மதியம் மாடியில் பொட்டு செட்டை வெறுமனே ஓடவிட்டுத் துணி காயவைத்துக்கொண்டிருந்தேன். தூறல் நின்று, அதே தண்ணீர்க் குரல். ஒரு நிமிடம்கூட இல்லை. வலையில் இருந்த திருநீற்றை நான் இன்னும் துடைக்கவில்லை.

பொங்கல் லீவில் தம்பி ஓசூரிலிருந்து வந்தான். இருவரும் கேஆர்பி அணைக்குப் போனோம், வீடும் பல்பும் இல்லாத திறந்த வெளி. அவன் கையில் மொட்டை, என் கையில் பொட்டு. அவன் நடந்துகொண்டே காலடிகளை எண்ணிச் சொன்னான். நூறு, இருநூறு, "முந்நூத்தி இருவது, ஓவர்". நான் பதில் சொன்னேன். "என்னணா? கேக்கலை, ஓவர்". அவன் குரல் எனக்குத் தெளிவாக வந்தது, என் குரல் அவனுக்கு இருநூறுக்கு மேல் போகவில்லை. நான் உடைத்த கோர்.

திரும்பும் வழியில் மீன் வறுக்கும் கடைகள். அவன் அங்கே நின்று, "அண்ணா, சூடா எடுக்கறாங்க, உனக்கு எத்தனை, ஓவர்" என்றான். "ரெண்டு" என்றேன். மறுபடி, "எத்தனைணா?" "ரெண்டுடா!" என்று கத்தினேன். அவன் செட்டில் தூறல்தான் கேட்டிருக்கும். ஐந்து துண்டு வாங்கி வந்தான்.